தலைமுறையாகப் பாவித்த ஊர்க்காட்டில் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். எங்களுக்கு எந்த உரிமையும் இல்லையா?

கேள்வியின் சாரம் இது: இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிப் பக்கம் ஒரு ஊர். ஊருக்குப் பின்னால் உள்ள காட்டில்தான் விறகு, தேன், பாலைப்பழம், மாடு மேய்ச்சல் எல்லாம். இப்போது ஒருவர் ‘உறுதி இருக்கு’ (காணிப் பத்திரம் இருக்கிறது) என்று கம்பிவேலி அடித்து, வண்டிப்பாதையையும் மறித்திருக்கிறார். அதற்கு அப்பால் வன இலாகா எல்லைக்கல் நட்டிருக்கிறது.

‘காடு எங்கட’ என்று மொத்தமாக வழக்காடினால் அநேகமாகத் தோற்பீர்கள். பாதை, மேய்ச்சல், விறகும் தேனும், உறுதிக்காரரின் உரித்து (காணியின் சொத்துரிமை), வன இலாகாவின் கல் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துப் பிடித்தால் சிலவற்றை மீட்கலாம். ஊர்ப் பாவனை எவ்வளவு பழையதாக இருந்தாலும், காகிதத்தில் ஏறாதவரை அலுவலகத்தில் அது இல்லாத ஒன்றுதான்.

காரணம் பழையது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மறுதலையாக நிரூபிக்கும்வரை காடும் தரிசும் பயிரிடாத நிலமும் முடிக்குரியவை, அதாவது அரசுக்குரியவை, என்று அனுமானித்தது. அந்த அனுமானம் இன்றும் நிற்கிறது. அதோடு, பத்து வருட ஆட்சியால், அதாவது நிலத்தைத் தொடர்ந்து தன்வசம் வைத்திருப்பதால், உரித்துத் தரும் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் அரசுக்கு எதிராகச் செல்லாது. ஊருக்குப் பாதகமான இதே விதிதான் வேலி அடித்தவருக்கும் பாதகம். அவருடைய நிலம் உண்மையில் அரச காடாக இருந்தால், ‘முப்பது வருஷமா ஆளுறன்’ என்று அவர் சொல்வதும் எடுபடாது.

ஆகவே முதல் வேலை, அவருடைய உறுதியின் இலக்கத்தை எடுத்துத் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி கேட்பது. உறுதியின் கடைசியில் உள்ள அட்டவணையைத்தான் உன்னிப்பாக வாசிக்க வேண்டும். ‘வடக்கு: காடு, கிழக்கு: காடு, தெற்கு: பாதை, மேற்கு: காடு, விஸ்தீரணம் ஏறக்குறைய 80 ஏக்கர்’ என்று இருந்து, நில அளவைப் பட இலக்கமும் துண்டு இலக்கமும் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். நல்ல உறுதி ஒரு முடிக்குரிய அளிப்பிலோ (அரசு காணி கொடுத்த பத்திரம்) இறுதிக் கிராமப் படம் என்ற அரச நில அளவைப் படத்தின் துண்டு இலக்கத்திலோ போய் முடியும். பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டு போனால் திடீரென்று ஒரு டிக்லரேஷன் உறுதியில் உரித்துச் சங்கிலி நின்றுவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. ‘இது என்னுடையது’ என்று ஒருவர் தானே எழுதி, நொத்தாரிசு முன் ஒப்பமிட்ட காகிதம் அது. பதிவகம் ஆவணத்தைப் பதியும், உரித்தை விசாரிக்காது. ‘பதிஞ்ச உறுதி’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம்.

பரப்பையும் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய விவசாயக் காணியை 50 ஏக்கராக, வயலென்றால் 25 ஏக்கராக மட்டுப்படுத்தியது. பயிரிடத் தக்க நிலமும் அந்த வரைவிலக்கணத்துக்குள் வரும். ஆகவே 1972க்கு முன்பிருந்து ஒரே ஆளின் பெயரில் 200 ஏக்கர் காடு வந்ததாக உறுதி சொன்னால், தன் காணிகளைப் பற்றி அவர் அப்போது கொடுத்த பிரகடனம் எங்கே, மிகுதி யாருக்குப் போனது என்று காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

உறுதி சரியானதாகவே இருந்தாலும் காட்டை அழிக்க அவருக்குத் தங்குதடையற்ற உரிமை கிடையாது. ஒரு ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட காட்டை வேறு பாவனைக்கு மாற்றுவது 1993ஆம் ஆண்டின் வர்த்தமானிப்படி தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் முன் அனுமதி பெற வேண்டிய செயல். டோசர் இறங்கிய அன்றே மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். பாலையும் முதிரையும் வீரையும் விழுந்த பிறகு வரும் உத்தரவால் ஊருக்குப் பிரயோசனமில்லை.

வன இலாகாவின் கல் வேறு கதை. அந்தக் கல் எதைக் குறிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். வர்த்தமானியில் ஒதுக்குக் காடாக அறிவித்த இடமென்றால் மாடு மேய்ப்பதும் விறகு பொறுக்குவதும் குற்றமாகலாம். பாதுகாப்புக் காடென்றால் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். வர்த்தமானி இல்லாத ‘ஏனைய அரச காடு’ என்றால் நிலைமை இளகலானது, ஆனாலும் வெட்டுவதும் துப்புரவாக்குவதும் அங்கேயும் குற்றம். இந்த ஏனைய அரச காடுகளின் பொறுப்பு 5/2001 சுற்றறிக்கையால் வன இலாகா பக்கம் சாய்ந்தது. 2020இல் இன்னொரு சுற்றறிக்கை அதைப் பிரதேச செயலாளர் பக்கம் திருப்பியது, அதுவும் நீதிமன்றத்தில் சவாலுக்கு உள்ளானது. ஒரே காட்டைப் பற்றி இரண்டு அலுவலகங்கள் இரண்டு பதில் சொல்வதன் பின்னணி இதுதான். வாய்ப்பதிலை நம்பாமல் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். கேட்க வேண்டியவை: வர்த்தமானி இலக்கமும் திகதியும், எல்லைப் பட இலக்கம், கல் நட்டபோது செய்த அளவையின் பிரதி. கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். வர்த்தமானி எல்லையைக் கைபேசி ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு நடந்து பாருங்கள். கைபேசி சில மீற்றர் பிழைவிடும், அதனால் அது முறைப்பாட்டுக்கு உதவுமே தவிர நீதிமன்றத்துக்குப் போதாது. அங்கே உரிமம் பெற்ற நில அளவையாளர் வேண்டும்.

பாதை விடயத்தில்தான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. தனியார் காணிக்கு எதிராகப் பத்து வருடத் தொடர் பாவனையால் வழியுரிமை பிறக்கும். ஆனால் அது திட்டமான ஒரு தடமாக இருக்க வேண்டும்: எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வண்டி போகும் அகலமா நடைபாதையா என்று காட்டத் தெரிய வேண்டும். ‘காட்டுக்குள்ள எங்கயும் போவம்’ என்றால் வழக்கு அங்கேயே சரிந்துவிடும். இடம்பெயர்ந்த வருடங்கள் பாவனையை முறித்திருந்தாலும், 2009ஐ ஒட்டித் திரும்பி வந்து இடைவிடாமல் நடந்த ஊர்களுக்குப் பத்து வருடம் எப்போதோ நிறைந்துவிட்டது. அந்தப் பாதை பிரதேச சபையின் வீதிப் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

மறித்தவுடன் பொலிஸில் முறைப்பாடு போட்டு இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமாதானக் குலைவு ஏற்படும் நிலை இருந்தால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் விடயம் நீதவான் முன் போகலாம், வழியுரிமைத் தகராறும் அதற்குள் அடங்கும். பொலிஸார் இழுத்தடித்தால் நீங்களே சத்தியக்கடதாசியோடு போகலாம். காணியிலிருந்தே வெளியேற்றப்பட்டிருந்தால் இரண்டு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பாதை வழக்கிலும் தாமதம் கெடுதி, ஆறு மாதம் பொறுத்திருந்துவிட்டு இப்போது கலவரம் வரும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நீதவான் தரும் கட்டளை தற்காலிகமானது. இறுதித் தீர்ப்புக்கு மாவட்ட நீதிமன்றம்தான்.

மேய்ச்சல்தான் மிகவும் கடினம். தனியார் நிலத்தில் மேய்ச்சலுரிமை இன்னொரு காணியோடு ஒட்டி வரும், ஊர் முழுவதுக்கும் பொதுவாக வராது. ஆனால் ஒரு சாட்சி உங்கள் கையில் உண்டு. பெரும்போகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், வயலிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்தும் திகதி தீர்மானமாகிறது. எங்கே கொண்டுபோவது என்பதும் பல கூட்டங்களில் பேசப்படும். அந்தக் கூட்டக் குறிப்புகளை வருடவாரியாகக் கமநல சேவை நிலையத்தில் எடுங்கள். மாடு எந்தக் காட்டுக்குப் போனது என்று அரச அலுவலர் ஒப்பத்தோடு எழுதியிருந்தால், முதியவர்கள் பத்துப் பேரின் வாய்மொழியைவிட அது கனம். இதில் அவசரமும் இருக்கிறது. பட்டியை வைக்க இடமில்லாமல் கட்டாக்காலி மாடு வயலில் இறங்கினால் நட்டஈடு மாட்டுக்காரர் தலையில்தான் விழும்.

அந்தக் குறிப்புகளைக் கொண்டு செய்ய வேண்டியது, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 8ஆம் பிரிவின் கீழ் ஒதுக்கீடு கேட்பது. அரச காணியைக் கிராமக் காடாகவும் கிராம மேய்ச்சல் தரையாகவும் ஒதுக்கிப் படத்தில் குறிக்க அந்தப் பிரிவு வெளிப்படையாகவே இடம் தருகிறது. வனச் சட்டத்திலும் கிராமக் காடு என்று தனி அத்தியாயம் உண்டு. ஊர்கள் வீட்டுக் காணிக்கு விண்ணப்பிக்கும் அளவுக்கு இதற்கு விண்ணப்பிப்பதில்லை, அது பெரிய இழப்பு. மனு பிரதேச செயலாளருக்கு, பிரதி மாகாணக் காணி ஆணையாளருக்கு. மாட்டின் எண்ணிக்கை, பட்டி போடும் மாதங்கள், தண்ணீர் குடிக்கும் குளத்தின் பெயர், தேன் எடுக்கும் குடும்பங்கள், கையால் வரைந்த படம் எல்லாம் அதில் இருக்கட்டும். உறுதிக்காரரின் துண்டைத் தவிர்த்து, தகராறில்லாத அரச பகுதியை மட்டும் கேளுங்கள். இல்லாவிட்டால் ‘வழக்கு இருக்கு’ என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

வேலியை வெட்டாதீர்கள், குற்ற வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஆட்சியைக் காட்டச் சேனை (காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர்) வெட்டவும் வேண்டாம். வனக் குற்றத்தோடு, அரச காணியை மீளப் பெறும் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி வெளியேறும் அறிவித்தலும் வரும். இவற்றைவிட ஆபத்தான ஒன்று, வேலிக்காரர் நல்ல பிள்ளையாக வந்து ‘இதில ஒரு கையெழுத்து வையுங்கோ ஐயா, கடவையைத் திறந்து விடுறன்’ என்பது. அனுமதி பெற்று நடந்த பாதைக்கு ஆட்சியுரிமை கிடையாது. அந்தக் கையெழுத்து உங்கள் பத்து வருடத்தையும் அழித்துவிடும். சட்டத்தரணியிடம் காட்டாமல் எந்தக் கடிதத்திலும் ஒப்பமிட வேண்டாம். காசில்லாவிட்டால் திருகோணமலையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்குப் போங்கள்.