கதை முடிந்தது என்று எப்போது சொல்லலாம்? வாழ்க்கையில் முடிவு என்பதற்கு என்ன பொருள்?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு விஷயமும் எழுதியிருந்தார். அவருக்குப் பிடித்த நாவல் ஒன்று எதையும் சொல்லாமல் சட்டென்று நின்றுவிட்டதாம், இரண்டு நாளாக மனம் ஆறவில்லையாம். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது.

நான் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் பதினாறு வருடமாகத் தமிழ்ப் பக்கங்கள் வடிவமைக்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், அப்புறம் கல்வெட்டு. முடிவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் கல்வெட்டு வேலையில் கற்றதுதான்.

இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே கல்வெட்டு என்றால், ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டி என்ற கிரியைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் சிறு புத்தகம். யாழ்ப்பாணத்து வழக்கம், அங்கிருந்து வந்த குடும்பங்களோடு கொழும்புக்கும் வந்தது. முன்னால் படம், பிறகு பஞ்சபுராணம் என்கிற ஐந்து சைவத் திருமுறைப் பாடல்கள், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். பஞ்சபுராணம் முடிகிற இடத்தில் 'வான்முகில் வழாது பெய்க' என்ற வாழ்த்து வரும். கந்தபுராணத்தில் அது நூலின் தொடக்கத்தில் இருக்கிற பாட்டு. நாங்கள் அதைப் பாடி முடிக்கிறோம். இத்தனை வருடம் பக்கம் போட்டும் அதை நினைத்தால் எனக்கு வியப்பு குறையவில்லை.

கனத்தை மயானத்தில் தகனம் முடிந்த அன்றே போனவர் போய்விட்டார். ஆனால் வீட்டுக்காரருக்கு அதற்குப் பிறகுதான் எல்லாம் இருக்கிறது. சாம்பலை முகத்துவாரத்தில் கரைக்க வேண்டும், எட்டுச் செலவு என்ற படையல் செய்ய வேண்டும், 31ஆம் நாள் துடக்கு என்கிற தீட்டைக் கழிக்க வேண்டும், அதற்குள் புத்தகமும் வேண்டும். முதல் தரம் என் மேசைக்கு வரும்போது பேச முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் தரம் புரூஃப் பார்க்க வரும்போது, "அப்பாவுக்கு இந்தப் படம் பிடிக்காது, மற்றதைப் போடுங்கோ" என்று அண்ணனும் தங்கச்சியும் சண்டை பிடிப்பார்கள். நன்றி நவிலலில் ஒரு பெயரும் விடுபடக் கூடாது. செத்தவீட்டு அன்று தேத்தண்ணி கொண்டுவந்து தந்த பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் வரை இருக்க வேண்டும். அந்தப் பக்கம் சரிவந்து 'ஓகே' என்று கையெழுத்துப் போடும்போது அவர்கள் முகம் கொஞ்சம் இளகுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதனால் முடிவு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு விடை கொடுப்பது என்றுதான் படுகிறது. போகிறவர் போவது ஒரு நொடியில் நடந்துவிடுகிறது. இருக்கிறவர்கள் அவரை அனுப்பிவைக்க நாளாகிறது.

நம்முடைய பழைய கதைகளும் இப்படித்தான் முடிகின்றன. கம்பராமாயணத்தில் கடைசிப் படலம் எது என்று கேட்டால் பலர் முடிசூட்டு என்பார்கள். அதற்குப் பிறகும் ஒன்று இருக்கிறது. அதன் பெயரே விடை கொடுத்த படலம். சுக்கிரீவன், வீடணன், குகன் என்று துணைக்கு நின்ற எல்லோருக்கும் பரிசு கொடுத்து இராமன் ஊருக்கு அனுப்புகிறான். கதைச் சுவைக்கு அது தேவையே இல்லை, போர் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் கூட நின்றவர்களுக்கு முறையாகப் போய்வரச் சொல்லாமல் நூலை மூடக் கம்பனுக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிலப்பதிகாரத்தை மேடையில் போட்டால் பெரும்பாலும் மதுரை எரிந்ததோடு திரை விழுந்துவிடும். இளங்கோ அங்கே நிறுத்தவில்லை. வஞ்சிக் காண்டம் என்று இன்னொரு காண்டமே இருக்கிறது. செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, கண்ணகிக்குக் கோயில் எழுப்புகிறான். கடைசியான வரந்தரு காதையில் அந்தக் கோயிலில் நின்று வணங்குகிறவர்களில் 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்' ஒருவன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அந்த வரியைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். எரிந்த நகரத்தோடு விட்டிருந்தால் கண்ணகி வெறும் கோபமாகவே நின்றிருப்பாள். இன்றைக்கும் மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் குளிர்த்திச் சடங்கு நடக்கிறது. அந்த வெப்பத்தைத் தணிக்கத்தான் குளிர்த்தி. சிங்கள மக்களும் அவளைப் பத்தினி தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்று சொல்வதை மங்கல வழக்கு என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அது வெறும் சொல் நாகரிகம் இல்லை என்பது மட்டக்களப்பில் அந்தச் சடங்கைப் பார்த்த அன்றுதான் எனக்கு விளங்கியது.

சரி, விடை கொடுக்காமலே முடிகிற கதைகள்? அவையும் இருக்கின்றன, அவற்றிலும் நல்லவை உண்டு. பாரதியின் பாஞ்சாலி சபதம் சபதத்தோடு நின்றுவிடுகிறது. போர் இல்லை, பழிவாங்கல் இல்லை, கூந்தல் முடியப்படாமலே காவியம் முடிகிறது. ஆனால் பாரதி பாதியில் விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியதில்லை. எதைத் திறந்து விடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, நமக்கும் தெரிகிறது. முடிக்கத் தெரியாமல் ஓடிவிடுகிற எழுத்தாளர் வேறு, மூடக் கூடாது என்று தெரிந்து திறந்து வைத்துவிட்டுப் போகிறவர் வேறு. உங்கள் நாவலைத் திரும்ப ஒருமுறை எடுத்து, கடைசி இரண்டு அத்தியாயத்தை மட்டும் மெதுவாக வாசித்துப் பாருங்கள். அவர் இதில் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

அந்த இரண்டாவது வகை எனக்கு எப்படிப் பிடிபட்டது என்பதையும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் வன்னியிலிருந்து வந்து வத்தளையில் குடியிருந்த ஒரு குடும்பம் தகப்பனாரின் கல்வெட்டுக்காக வந்தது. மகள் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைகளின் பெயர்களை எழுதும்போது பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர்கள் இருக்கும் இடத்தைப் போடுவது எங்கள் வழக்கம். கனடா, சுவிஸ், கொழும்பு என்று. உயிரோடு இல்லாதவர் என்றால் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று வரும். மூன்றாவது மகன் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. பின்னால் அடைப்புக்குறி இருந்தது, உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

மறந்துவிட்டார் என்று நினைத்து, "அக்கா, இவர் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பின்னால் கதிரையில் இருந்த தாய்தான் சொன்னார், "2009 மேயில கடைசியாக் கண்டது தம்பி. அதை அப்பிடியே விடுங்கோ."

2009 மேயில் முடிந்த போரில் காணாமல்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று நிற்கிற குடும்பங்களைப் பற்றிச் செய்தியில் படித்திருக்கிறேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் அவர்களைத் தேடிப் போராட்டத்துக்கு உட்கார்ந்த தாய்மாரையும் தெரியும். இறந்தார் என்று எழுதாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைக் கொடுக்க 2016இல் சட்டத்தையே திருத்த வேண்டிவந்தது. ஆனால் அந்தத் தாயின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான், அந்தியேட்டி செய்ய முடியாத, விடை கொடுக்க முடியாத ஒரு வீடு எப்படி இருக்கும் என்பது எனக்கு உறைத்தது. கணவருக்கு எல்லாக் கிரியையும் குறைவில்லாமல் செய்கிறார். மகனுக்கு ஒன்றும் செய்யக் கூடாது. செய்தால் அவரே கதையை முடித்த மாதிரி ஆகிவிடும்.

வெற்று அடைப்புக்குறி அச்சுப் பிழை மாதிரித் தெரியும், எல்லோருக்கும் ஊர்ப் பெயரை எடுத்துவிடலாமா என்று முதலாளி நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். தாய் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் 'கனடா' என்ற சொல் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடத்தை உள்ளே விட்டேன். முந்நூறு பிரதி அடித்தோம்.

அடுத்த வருடம் திவச அழைப்புக்கு மகள் மட்டும் வந்தார். பழைய கோப்பைத் திறந்து திகதியை மாற்றினேன், பிறந்திருந்த ஒரு பேத்தியின் பெயரைச் சேர்த்தேன். அடைப்புக்குறியைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதே அகலத்தில் விட்டு அச்சுக்கு அனுப்பினேன்.