பள்ளி மறுப்பு: உங்கள் மகள் நடிக்கவில்லை
உங்கள் 12 வயது மகள் ஆறு வாரங்களாகக் காலைதோறும் வயிற்றுவலியால் அழுது பள்ளிக்குச் செல்ல மறுப்பதாகவும், விடுமுறையில் நலமாக இருப்பதால் உறவினர்கள் அதை நடிப்பு என்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த வலி உண்மையானதே; பதற்றம் உடலில் அப்படியும் வெளிப்படும், ஆயினும் முதலில் குழந்தைநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பள்ளி மறுப்பு என்பது 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்னும் அமெரிக்க மனநல நோய்ப்பகுப்பு நூலில் தனி நோயாக இடம்பெறவில்லை. ஆகவே மனநல மருத்துவர் அதன் அடியில் இருப்பது குறைந்தது 4 வாரம் நீடித்த பிரிவுப் பதற்றமா (பெற்றோரைப் பிரிய அஞ்சுவது), 6 மாதம் நீடித்த சமூக அச்சமா (பிறர் தன்னைக் கவனித்து எடைபோடுவார்களோ என்று அஞ்சுவது), மனச்சோர்வா, கற்றல் குறைபாடா, வகுப்பில் எவரேனும் துன்புறுத்துகிறார்களா என்று பிரித்துப் பார்ப்பார். எந்த நோய்ப்பெயரும் பொருந்தாத குழந்தைகளும் உண்டு, அதனால் அவர்கள் துயரம் சிறியதாகிவிடாது. நீண்ட விடுப்பு மட்டும் வேண்டாம். ஆசிரியரிடம் பேசி, நாளுக்கு ஒரு பாடவேளையாவது அவள் வகுப்பில் இருக்க வழிசெய்யுங்கள்.