புகைபோக்கியிலேயே சாரம் கட்ட விடாதீங்க
வணக்கம் சார். ராயபுரத்தில் மர உத்திரத்து மேல் செங்கல் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, கீழே பேக்கரி, மாடியில் 12 அடி செங்கல் புகைபோக்கி. அதில் வேலை செய்ய, மேஸ்திரி சவுக்குக் கம்பை அதிலேயே கட்டிச் சாரம் போடலாம்னு சொல்றார்னு எழுதியிருக்கீங்க. தயவுசெய்து ஒத்துக்காதீங்க. விரலால் சுரண்டினாலே சுண்ணாம்பு மாவா உதிருதுன்னு நீங்களே சொல்றீங்க. அது ஆள் பாரம் தாங்காது.

சாரம் நாலு பக்கமும் குறுக்குக் கம்பு கட்டித் தன் காலிலேயே நிக்கணும். அதைவிட எனக்குக் கவலை உங்க தளம்தான். தேக்கு உத்திரங்களுக்கு நடுவே செங்கலும் சுண்ணாம்பும் மட்டுமே இருக்கு. கம்பு நேரா அங்கே ஊன்றினா உள்ளே இறங்கிடும். எங்க தெருவில் ஒரு சாண் இறங்கினதைப் பார்த்திருக்கேன். கீழேயிருந்து உத்திரம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. அதுக்குக் குறுக்கா, மூணு நாலு உத்திரம் தாங்கும்படி தடித்த பலகை போட்டு அதன்மேல் கம்பை நிறுத்துங்க. சுவருக்குள் போகும் உத்திர முனை செல்லரிச்சிருந்தா, கீழே முட்டுக் கொடுக்காம மேலே ஏறவே வேண்டாம்.

நிற்கிற பலகையைச் சுற்றி ஒரு மீட்டர் உயரத்துக்குக் கைப்பிடி வேணும். பாதுகாப்பு பெல்ட்டோட கொக்கியையும் புகைபோக்கியில் மாட்டக் கூடாது. அடுப்பை முந்தின நாளே அணைச்சிடுங்க. மதியம் கடற்காற்று ஏறும் முன், காலையிலேயே வேலையை முடிங்க.