குளிரே இல்லாத சேலத்தில் பயிர்ப்பூச்சிகள் உறக்கநிலைக்குப் போகுமா?

போகும். கோடையைத் தாண்டுவதற்காகவே தூங்கும் பூச்சிகள் நம்மிடம் உண்டு.

குளிர் நாடுகளில் பகல் குறுகுவதுதான் பூச்சிக்கு முதல் எச்சரிக்கை. கூடவே குளிரும் சேர்ந்தால் உறக்கம் உறுதியாகும். சேலத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. வெயில், வறட்சி, மழை மூன்றும் இங்கே அதிகம் பேசுகின்றன.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம்: குளிரில் வளர்ச்சி நிற்பதெல்லாம் உறக்கநிலை ஆகாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்; சேலம் நகரத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. காபிக் காய்த்துளைப்பான் வண்டு சுமார் 15 டிகிரிக்குக் கீழே வளராது, சூடு ஏறியதும் மறுபடி வளரத் தொடங்கும். இது வெறும் தேக்கம். உண்மையான உறக்கநிலை உடலின் ஹார்மோன்கள் போடும் பூட்டு. நாலு நாள் இதமாக இருந்தது என்று திறந்துவிடாது. மலையில் இரவுக் குளிர் குறைந்தால் இந்த வண்டு ஆண்டுக்கு எடுக்கும் தலைமுறைகள் கூடும் என்பதுதான் எனக்குக் கவலை. அறுவடைக்குப் பின் செடியிலும் தரையிலும் விட்ட காய்களில்தான் அது காத்திருக்கும். அவற்றைப் பொறுக்காமல் மருந்தடிப்பதில் பெரிய பயனில்லை.

சமவெளிக்கு வருவோம். மானாவாரி நிலக்கடலையை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு, தின்று முடித்ததும் வரப்போரத்திலும் மர நிழலிலும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். அடுத்த ஆண்டு மழை வரை அப்படியே கிடக்கும். மேல்மண் சித்திரை வெயிலில் கொதித்தாலும் ஒரு சாண் ஆழத்தில் சூடு அவ்வளவு ஏறாது. உறங்கும் பூச்சி சேர்த்துவைத்த கொழுப்பில்தான் உயிர் வாழ்கிறது. சூடு கூடினால் அது சீக்கிரம் கரையும். ஆகவே அந்த ஆழமும் நிழலும் அதற்கு உயிர்நாடி.

கோடை உழவின் பலன் இங்கேதான். உழுதால் கூடுகள் மேலே வந்து வெயிலில் காயும், மிச்சத்தை மைனாவும் காக்கையும் பொறுக்கிவிடும். டீசல் செலவைப் பார்த்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். வயலோடு நிறுத்தாமல் வரப்போரத்தையும் மரத்தடியையும் கொத்திவிடுங்கள்.

அப்புறம், நல்ல மழை விழுந்து மண் நனைந்த சில நாட்களில் அந்தக் கூடுகளிலிருந்து அந்துப்பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பும். அந்த இரவுகளில் விளக்குப்பொறி வைக்க வேண்டும். ஒருவர் வயலில் மட்டும் வைத்தால் போதாது, பக்கத்துக் காட்டுக்காரர்களையும் கூப்பிட்டு ஒரே சமயத்தில் வையுங்கள்.