பதில்: கம்பெனி கைமாறியதும் வாங்கிய கேம் காணோம்

வியாசர்பாடி தம்பி, ரூ.2,999 கொடுத்து வாங்கிய கேம், கம்பெனி கைமாறினதும் உங்க அக்கவுண்ட்ல வாங்கின கேம்கள் இருக்கிற லைப்ரரியிலிருந்தே போயிடுச்சு, கேட்டா "ஆடுறதுக்கு உரிமம்தான் கொடுத்தோம்"னு கைவிரிக்கிறாங்கன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் வயிறு எரிஞ்சுது.

முதல்ல, பங்குகளை வாங்கி முதலாளி மாறினாலும் கம்பெனி அதேதான், பொறுப்பும் அதேதான். கைமாறிடுச்சுங்கிற சாக்கை ஏத்துக்காதீங்க.

இது உங்களுக்கு மட்டும் நடக்கல. 2014ல் வந்த 'தி க்ரூ' கேமின் சர்வரை அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் கம்பெனி 2024 மார்ச் 31ல் நிறுத்தினப்போ, தனியா ஆடினவங்களும் ஆட முடியாமப் போச்சு. அதிலிருந்து கிளம்பினதுதான், வித்த கேமை முடக்காதீங்கன்னு கேட்கிற 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம்.

இன்னைக்கே பணம் போன யுபிஐ ரசீது, ஆர்டர் மெயில், கேம் இல்லாத லைப்ரரி பக்கம், மூணையும் தேதி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அக்கவுண்டையே முடக்கிட்டா அந்த லைப்ரரி பக்கம் அப்புறம் கிடைக்காது. அப்புறம் அந்தக் கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு மெயில். 2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துல ஒப்புதல், ஒரு மாசத்துல தீர்வு தரணும். வெளிநாட்டுக் கம்பெனி இங்கே விற்றாலும் அந்த விதி பொருந்தும்.

நகரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்க, தமிழ்லயே பேசலாம். அதுக்கும் மசியலைன்னா சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரைன்னா கட்டணமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளம் இ-ஜாக்ருதியிலேயே தாக்கல் செய்யலாம். சேவைக் குறைபாடுன்னு எழுதுங்க. கேம் போனதிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வெளிநாட்டுக் கம்பெனின்னா தீர்ப்புக்கு அப்புறம் பணம் கைக்கு வர இழுக்கும், அதுக்காக விட்டுடாதீங்க.

அவங்க அனுப்பின மெயிலை ஆர்டர் எண்ணை மறைச்சுட்டு இங்கே போடுங்க, புகாரைச் சேர்ந்து எழுதிடலாம்.