கியர்பாக்ஸ் மாற்ற 401கே பணத்தில் கை வைக்கலாமா?

கேள்வி: டாலஸ் பக்கம் ஐடி வேலையில் இருக்கிறேன். எச்-1பி வேலை விசா. என்னிடம் 2003 மாடல் நிஸான் 350இசட் இருக்கிறது, ஆறு கியர் மேனுவல். நான்கு வருடம் முன்பு 7,000 டாலருக்கு வாங்கினேன், இப்போது 1,28,000 மைல் ஓடியிருக்கிறது. சில மாதங்களாக மூன்றாவது, ஐந்தாவது கியர் போடும்போது கரகரவென்று அரைக்கிறது. காலைக் குளிரில் ரொம்ப மோசம். கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். புது கியர்பாக்ஸ் 2,900, கிளட்ச்சும் ஃப்ளைவீலும் 900, கூலி 1,300, எண்ணெய், சில்லறைச் சாமான் 100, ஆக 5,200 டாலர். கையில் சேமிப்பு 9,000, மாதச் செலவு 4,200. 401கே ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் 41,000 இருக்கிறது, அதில் கடன் எடுக்கலாமா? கடைக்காரர் ஆறு மாதம் வட்டியில்லாத கார்டு தருகிறேன் என்கிறார். மனைவி வண்டியை விற்கச் சொல்கிறாள். அவளிடம் வேறு கார் இருக்கிறது, வேலை வீட்டிலிருந்தே. மார்ச்சில் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, சார்.

பதில்: முதலில் வாழ்த்துகள். கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். என் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் வண்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதையே முதலில் பார்த்துவிடலாம்.

உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். 350இசட்டின் ஆரம்பகால கியர்பாக்ஸில் சின்க்ரோ வளையங்கள் சீக்கிரம் தேய்வது ஊரறிந்த சங்கதி. பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோக்கும் முன் இரண்டின் வேகத்தையும் சமன் செய்வது அந்த வளையங்களின் வேலை. அவை தேய்ந்தால் நீங்கள் சொல்லும் அதே கரகரப்பு வரும். நிஸான் அதைத் திரும்பத் திரும்பத் திருத்தி, கடைசியில் சிடி009 என்ற வகையில்தான் ஒரு வழிக்குக் கொண்டுவந்தது. அதனால் கடைக்காரர் எழுதியிருக்கும் 2,900 எந்த வகைக்கு என்று பாக எண்ணோடு எழுதி வாங்குங்கள். பழைய கியர்பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தால் திரும்ப வர வேண்டிய 'கோர்' முன்பணம் அதில் ஒளிந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

ஆனாலும் 5,200 செலவழிக்கும் முன் ஒரு நூறு டாலர் செலவழித்துப் பாருங்கள். கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றுங்கள். 75டபிள்யூ-85, ஜிஎல்-4 தரம் என்று கேட்டு வாங்குங்கள். முன்பு யாராவது கடையில் கைக்குக் கிடைத்த ஜிஎல்-5-ஐ ஊற்றியிருந்தால், அதில் உள்ள சேர்மானங்கள் பித்தளை வளையத்துக்கு ஆகாது. அப்புறம் இன்னொரு சோதனை, இது காசில்லாதது. அரைக்கும் கியருக்குப் போகும் முன் கிளட்ச்சை இரண்டு தடவை வேகமாக மிதித்துப் பாருங்கள். அப்போது எல்லா கியரும் ஒழுங்காக விழுந்தால் கோளாறு கிளட்ச்சை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரில் இருக்கலாம், கியர்பாக்ஸில் இல்லை. அந்த சிலிண்டரை மாற்றும் செலவு உங்கள் ரசீதில் ஒரு சின்னப் பங்குதான். மூன்றும் ஐந்தும் மட்டும் தொடர்ந்து முரண்டு பிடித்தால் சின்க்ரோதான், சந்தேகமில்லை.

சின்க்ரோ என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கே மாற்ற வேண்டுமா? வேண்டாம். தேய்ந்த சின்க்ரோவோடு நிதானமாக, டபுள் கிளட்ச் போட்டு (நியூட்ரலுக்கு ஒரு தடவை, அடுத்த கியருக்கு ஒரு தடவை என்று கிளட்ச்சை மிதித்து) ஓட்டினால் சில மாதம் தள்ளலாம். போட்ட கியர் தானாக வெளியே குதித்தாலோ, எந்த கியரிலும் ஊளைச் சத்தம் கேட்டாலோ மட்டும் வண்டியை நிறுத்திவிடுங்கள். அது பேரிங் சமாச்சாரம்.

சரி, பணம். இன்றுள்ள நிலையில் விற்றால் 4,000 வரும், சரிசெய்து விற்றால் 8,500 வரும் என்று வையுங்கள் (உங்கள் ஊர் விளம்பரங்களைப் பார்த்து இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்). 5,200 போட்டு 4,500 கூடுகிறது, 700 நஷ்டம். விற்பதற்காக ரிப்பேர் செய்வது வீண். வைத்து ஓட்டுவதற்காக என்றால் அது சந்தோஷத்துக்கான செலவு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் ஒரு காலத்தில் சம்பளத்தில் பாதியை ஒரு பழைய புல்லட்டுக்குக் கொட்டியவன். சந்தோஷத்துக்கான செலவைக் கடன் வாங்கிச் செய்யக் கூடாது என்பது மட்டும்தான் என் கட்சி.

401கே கடன் பார்வைக்கு அழகாக இருக்கும். வட்டி நம் கணக்குக்கே திரும்புகிறது, ஐந்து வருடத்தில் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்வார்கள். உங்கள் பெயரில் உறுதியான (வேலையை விட்டாலும் உங்களுக்கே சேரும்) தொகையில் பாதிவரை எடுக்கலாம், 5,200 ஒரு பொருட்டே இல்லை. கொக்கி வேறு இடத்தில் இருக்கிறது. வேலை போனால் பெரும்பாலான திட்டங்கள் மீதியைக் கேட்கும். அந்த வருடத்துக்கான வரித் தாக்கல் கெடுவுக்குள் அந்தத் தொகையை ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வூதியக் கணக்கில் நீங்கள் போடாவிட்டால், அது எடுத்துச் செலவழித்த பணமாகக் கருதப்படும். 4,500 பாக்கி இருக்கும்போது அப்படி ஆனால், 22 சதவீத வரி 990, அபராதம் 10 சதவீதம் 450, ஆக 1,440 டாலர். இதே வேலையிழப்பில் எச்-1பி-காரருக்கு வேறு வேலை தேட 60 நாள்தான் அவகாசம். இரண்டு இடியும் ஒரே வாரத்தில் விழும்.

கடைக்காரர் கார்டு இன்னும் மோசம். 'வட்டியில்லை' என்பதன் கீழே பொடி எழுத்தில் பாருங்கள். பெரும்பாலும் அது தள்ளிவைத்த வட்டி. ஆறு மாதத்துக்குள் கடைசி டாலர்வரை கட்டவில்லையென்றால் முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டு வட்டியை ஏற்றுவார்கள். மாதம் 783 கட்டி வந்து கடைசியில் 500 மட்டும் பாக்கி நின்றால்கூட, 29 சதவீதத்தில் ஏறத்தாழ 470 டாலர் மேலே விழும்.

அப்படியானால் சேமிப்பு? 9,000 என்பது உங்களுக்கு இரண்டு மாதச் செலவு. அதில் 5,200 எடுத்தால் ஒரு மாதத்துக்குக்கூட மிஞ்சாது. பிரசவம் மார்ச்சில் என்கிறீர்கள். உங்கள் மருத்துவக் காப்பீடு ஜனவரியில் தொடங்கும் வருடமாக இருந்தால் டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) முதலிலிருந்து எண்ணப்படும். ஒரு வருடத்தில் நீங்கள் அதிகபட்சம் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அந்தத் தொகைக்குத்தான் இந்த 9,000 காவல் இருக்க வேண்டும்.

ஆகவே என் யோசனை: எண்ணெய் மாற்றி, வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். மாதம் 600 தனியாக ஒதுக்குங்கள். ஒன்பது மாதத்தில் 5,400 சேரும். அதற்குள் ஆஸ்பத்திரிக் கணக்கு தெளிந்துவிடும். அப்போதும் ஆசை குறையாமல் இருந்தால், கியர்பாக்ஸ் இறங்கும்போதே கிளட்ச், ரிலீஸ் பேரிங், எஞ்சின் பின்புற ஆயில் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கூலி ஒன்றுதான், பின்னால் சீலுக்காக மறுபடி இறக்கினால் இன்னொரு 1,300. அதற்குள் பழைய பாகக் கடைகளிலும் விசாரித்து வையுங்கள். இன்ஃபினிட்டி ஜி35 மேனுவலிலும் இதே கியர்பாக்ஸ் குடும்பம்தான். ஆனால் 2003, 2004 வண்டியிலிருந்து கழற்றியதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், உங்கள் வியாதியையே காசு கொடுத்து வாங்குவீர்கள்.

மாதம் 600 ஒதுக்க முடியவில்லை என்றால் உங்கள் மனைவி சொல்வதே சரி. கோளாறைச் சொல்லி, இருக்கிறபடியே விற்றுவிடுங்கள். இரண்டே சீட் உள்ள வண்டியில் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து போக முடியாது என்பதையும் அவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

எண்ணெய் மாற்றி ஒரு வாரம் கழித்து, காலைக் குளிரில் மூன்றாவது எப்படி விழுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.