யாழ்ப்பாணத்து வெயில் முற்றத்தில் எந்தப் பூமரங்கள் நிலைக்கும்?

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிவந்து, காலை முதல் மாலை வரை வெயில் விழும் முன்முற்றத்தில் வைத்த ரோசாவும் எக்சோராவும் பங்குனிக்குள் கருகிவிட்டன என்று எழுதி, இந்த வெயிலைத் தாங்கும் பூமரங்கள் எவை, அவற்றை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கோண்டாவில் பக்கத்துச் செம்மண் வளவொன்றில் நெடுங்காலமாகப் பூமரம் வளர்த்து வருகிறேன். அந்த முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் கன்றுகளைக் கொன்ற பழியை வெயிலின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. இங்குப் பகல் வெப்பம் சித்திரை, வைகாசியிலும் பெரும்பாலும் 35 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. எக்சோராவுக்கு அது பெரிய சூடே அல்ல. கொழும்பில் அதே எக்சோரா நடுவெயிலில் வேலியாக நின்று பூப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து இங்கு வரும்போது மாறிவிடுபவை தண்ணீரும் மண்ணும் காற்றும். ஆகவே ஐயம் முதலில் உங்கள் கிணற்றின் மேல்தான் விழ வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த நிலம்; ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இங்கே கிடையாது. மாரியில் பெய்யும் மழை அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே கீழே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதந்து நிற்க, நாம் அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதால் அந்தத் தண்ணீர் கடினமாகவும் காரத்தன்மை கூடியதாகவும் இருக்கிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படை, சவர்க்காரம் நுரைக்க மறுப்பது, பூச்சாடியின் விளிம்பைச் சுற்றி வரும் வெண்ணிற வளையம் எல்லாம் இதன் அடையாளங்களே. மண்ணையும் வீட்டிலேயே சோதிக்கலாம். காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதன் மேல் வினாகிரி சிறிது விட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு கூடிய மண் சீறி நுரைக்கும்.

இந்தத் தண்ணீர் எக்சோராவை என்ன செய்கிறது என்பதை அதன் இலையே காட்டிக்கொடுக்கும். கிளை நுனியில் வரும் இளம் இலைகள் முதலில் மஞ்சளாகும். ஆனால் நரம்புகள் மட்டும், மஞ்சள் தாளில் பச்சை மையால் வலை வரைந்ததுபோல, பச்சையாகவே நிற்கும். அடுத்து வரும் துளிர் ஏறத்தாழ வெள்ளையாகவே வந்து, ஓரம் கருகி, சிறுத்துப் போகும். அவ்வளவு நடந்த பின்னரும் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் பச்சையாகத்தான் இருக்கும். இது இரும்புச் சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. வலிகாமத்துச் செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டால் வந்ததுதான். காரத்தன்மை கூடிய மண்ணில் அந்த இரும்பு கரையாமல் கிடப்பதால் வேருக்கு அது எட்டுவதில்லை. மஞ்சளைக் கண்ட வீட்டுக்காரர் பசளை போதவில்லை என்று எண்ணி யூரியா போடுவார், அல்லது தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் இரண்டு வாளி கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவார். இரண்டாலும் இரும்பு கிடைக்கப் போவதில்லை. உங்கள் கன்றுகளில் கருகல் எங்கே தொடங்கியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இளம் இலையில் என்றால் இரும்பைச் சந்தேகிக்கலாம். முதிர்ந்த இலையின் நுனியிலும் ஓரத்திலும் என்றால் பெரும்பாலும் உப்பு. தீவகத்திலும் கடற்கரையை அண்டிய ஊர்களிலும் கோடையில் கிணறு சவராகும், அதாவது உப்புக் கரிக்கும், இடங்களில் இதுவே முதற் காரணம்.

ஆகவே பூமரம் வாங்கப் போகும்போது, வெயில் தாங்குமா என்பதோடு சுண்ணாம்பையும் கொஞ்சம் சவரையும் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். என்னுடைய பட்டியலில் முதலிடம் போகன்வில்லாவுக்குத்தான். நம்மவர் கடதாசிப்பூ என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கொடி, வேரூன்றிவிட்டால் மண் நன்றாகக் காயும் காலத்தில்தான் செழித்துப் பூக்கும். நாம் பூவென்று பார்ப்பது நிறம் ஏறிய பூவடியிலைகளை. உண்மையான பூ அவற்றின் நடுவே நிற்கும் சிறிய வெள்ளைக் குழல். இலையாகத் தள்ளுகிறதே தவிரப் பூக்கவில்லை என்று முறையிடுவோர் பெரும்பாலும் தினமும் தண்ணீர் ஊற்றுவோராக இருப்பார்கள். மாசி பிறந்ததும் தண்ணீரைக் குறைத்து, இலை சற்றே துவளும் வரை பொறுத்திருந்து, பிறகு ஒருமுறை ஆழமாக ஊற்றி மறுபடியும் காயவிட்டால், சில வாரங்களில் கிளை நுனிகளில் நிறம் ஏறத் தொடங்கும். பூ புதுக் கிளையில் வருவதால், ஒரு பூப்பு முடிந்ததும் நீண்டு போன கிளைகளை இரக்கம் பார்க்காமல் கத்தரித்துவிட வேண்டும். யூரியாவை இதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளின் கிணற்று நீரில், பசளைப் பாவனையாலும் மலசலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று கூடியிருப்பது எல்லோரும் அறிந்த விடயம். குடிப்பவருக்கு அது கேடு. பூமரத்தைப் பொறுத்தவரையில், நீங்கள் தண்ணீர் ஊற்றும்போதே நைதரசன் பசளையும் கொஞ்சம் போய்ச் சேருகிறது.

ஈழத்தலரியைக் கோயில் வீதிக்கு உரிய மரம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் வெயிலும் சுண்ணாம்பும் உப்புக் காற்றும் ஒன்றாகச் சேரும் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சிறுமரம் எனக்குத் தெரியாது. ஒரு முழத் தடியை வெட்டி, வெட்டுவாயில் பால் வற்றிக் காயும்படி ஒரு கிழமையாவது நிழலில் போட்டுவைத்து, அதன் பிறகு நட வேண்டும். உடனே நட்டால் அழுகும். கோடையில் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்பது அதன் இயல்பு. பட்டுவிட்டது என்று பயந்து தண்ணீர் ஊற்றினால்தான் அது பட்டுப்போகும். செவ்வலரியும் வெள்ளலரியும் வறட்சியையும் உப்பையும் அதே அளவுக்குத் தாங்கும். ஆனால் அவற்றின் இலை முதல் வேர் வரை எல்லாமே நஞ்சு என்பதால் வேலியோரத்தில், பிள்ளைகள் விளையாடாத பக்கமாக வையுங்கள். மஞ்சள் அலரியின் விதை மிகக் கொடிய நஞ்சு. அதை வளவுக்குள் வைக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

செவ்வரத்தையில், பழைய ஒற்றை இதழ்ச் சிவப்பையே தேடி வாங்குங்கள். பெரிய பூவும் இரட்டை நிறமும் கொண்ட புதுக் கலப்பினங்கள் கடையில் கண்ணைப் பறிக்கும். ஆனால் இந்த மண்ணில் அவற்றுக்கும் எக்சோராவின் மஞ்சள் நோய் எளிதில் வந்துவிடுகிறது. கோடையில் செவ்வரத்தையின் கணுக்களிலும் மொட்டுக் காம்புகளிலும் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி ஒட்டும். அங்கே எறும்பு ஏறி இறங்குவதைக் கண்டாலே இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே விடியப்புறத்தில் குழாய்த் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சி அடித்து, கடுமையாகப் பற்றிய நுனிகளை வெட்டி எரித்துவிட்டால், மருந்து அடிக்கும் தேவை பெரும்பாலும் வராது. சுவாமிக்குப் பூ வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும் காலம் மண் நன்றாகக் காய்ந்து கிடக்கும் காலம். ஊரெங்கும் பூவுக்குத் தட்டுப்பாடு வருவதும் அப்போதுதான். வைகாசித் தொடக்கத்தில் செவ்வரத்தையை மூன்றில் ஒரு பங்கு வெட்டி, மாட்டெரு போட்டு, வேருக்கு ஒழுங்காகத் தண்ணீர் கொடுத்து வந்தால், புதுக் கிளைகள் அந்த நேரத்துக்குப் பூப்பிடிக்கும்.

தரையோடு வைக்க நித்தியகல்யாணி, அதாவது நம் பட்டிப்பூ, ஒன்றே போதும். கசப்பான செடி என்பதால் ஆடுமாடு வாய் வைப்பதில்லை, ஒருமுறை வைத்தால் தானே விதை சிந்தி முளைக்கும், அளவுக்கு மிஞ்சிய தண்ணீர் மட்டும் அதற்கு ஆகாது. பத்துமணிப்பூ, வாடாமல்லிகை, சீனியா ஆகியவையும் நன்றாக வரும். அடீனியத்தைச் சாடியில் மட்டும் வைத்து, ஐப்பசி மழை தொடங்கும்போது தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். நந்தியாவட்டைக்கும் மல்லிகைக்கும் பிற்பகலில் கொஞ்சம் நிழல் கிடைத்தால் நல்லது.

இனித் தண்ணீர். நாளாந்தம் மேலோட்டமாகத் தெளிப்பது இங்கே பெரும் கேடு. மேல்மண் மட்டும் நனைவதால் வேரும் மேலேயே தங்கிவிடுகிறது. வெயில் அந்தத் தண்ணீரை உறிஞ்சும்போது அதிலிருந்த உப்பு அங்கேயே படிகிறது. ஒரு சதுர மீற்றர் பாத்திக்கு 10 லீற்றர் வாளி ஒன்று ஊற்றினால், அது 1 சென்ரிமீற்றர் உயரத் தண்ணீர்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வேரூன்றிய பூமரத்துக்குச் செம்மண்ணில் கிழமைக்கு ஒருமுறை, வடமராட்சி கிழக்குப் போன்ற மணல் நிலத்தில் இரண்டு முறை, விடியற்காலையில் பாத்தி நிறைய விடுவது போதும். சாடிகளுக்கு மட்டும் கோடையில் தினமும் தேவைப்படும். பாத்தியின் மேல் ஒரு சாண் அளவுக்குத் தென்னந்தும்போ காய்ந்த சருகோ வைக்கோலோ பரப்பிவிட்டால் மண்ணின் சூடும் ஆவியாதலும் வெகுவாகக் குறையும். அடிமரத்தோடு ஒட்டாமல் நாலு விரல் விட்டுப் பரப்ப வேண்டும். நம் தோட்டக்காரர் பூவரசங்குழையையும் கிளுவைக் குழையையும் மண்ணில் தாழ்ப்பார்களே, அந்தப் பழக்கம் பூப்பாத்திக்கும் அப்படியே பொருந்தும்.

தண்ணீரை அளந்து விடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் நிலத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பௌதிகக் கணக்கு. அதன்படி, மேலே 1 அடி இறங்கும்படி இறைத்தால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். புல்தரைக்கும் நீர்த்தாரைக்கும் ஆசைப்பட்டு வோட்டர் பம்பை மணிக்கணக்கில் ஓடவிடும் வீடுகளைக் கண்டால் எனக்குப் பூமரத்தைவிடப் பக்கத்து வளவுக் கிணற்றைப் பற்றித்தான் கவலை வருகிறது.

குடிநீருக்கு ஆர்.ஓ. வடிகட்டி வைத்திருந்தால், அதிலிருந்து வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பூச்சாடிக்கு ஊற்றிவிடாதீர்கள். வடிகட்டி விலக்கிய உப்பெல்லாம் செறிந்திருப்பது அதில்தான். முற்றம் கழுவ அது உதவும். குளிரூட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரோ ஏறத்தாழ உப்பற்றது. அதை ஒரு வாளியில் பிடித்து, மஞ்சளாகும் சாடிகளுக்கு ஊற்றலாம். எல்லாவற்றிலும் மேலானது மழைநீர். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் கணக்குப்படி 1000 லீற்றர். அடீனியம் தவிர்ந்த மற்றச் சாடிகளை மாரியில் திறந்த வெளியிலேயே விட்டால், கோடை முழுவதும் தேங்கிய உப்பு தானாகக் கழுவுண்டு போகும். சாடியின் அடித்துளை அடைபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயில் விழும் பக்கமும் இங்கே ஆண்டு முழுவதும் ஒன்றல்ல. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே நிற்கிறது; இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் அது வடக்குச் சாய்வாக நிற்கும். மார்கழியில் நிழலாக இருக்கிறதென்று வீட்டின் வடபுறச் சுவரோரம் வைத்த கன்று, வைகாசி, ஆனியில் நேர் வெயிலில் நிற்பது இதனால்தான். கிடுகு வேலியும் கிளுவை வேலியும் போய்ச் சீமெந்து மதில் வந்த வளவுகளில் இந்தக் கொடுமை இரட்டிப்பு. மதில் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடுகிறது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றையும் அது தடுத்து அடக்குவதில்லை, தாண்டி வரும் காற்று மறுபுறத்தில் சுழன்று அடிக்கும். உயிர்வேலி காற்றைச் சலித்து, வேகம் குறைத்து அனுப்பும். மதிலை இடிக்கச் சொல்லவில்லை. அதிலிருந்து மூன்று அடி தள்ளி ஒரு வரிசை செவ்வலரியோ பூவரசோ நட்டு, அதற்கு உட்புறமாகப் பூப்பாத்தியை வையுங்கள்.

நடுவதற்குக் காலம் புரட்டாதிக் கடைசியும் ஐப்பசியும்தான். அப்போது நட்ட கன்று மாரி முழுவதும் வேரோடி, பங்குனி வெயிலைச் சந்திக்கும்போது தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும் நிலைக்கு வந்திருக்கும். தை, மாசியில் கடைக்காரரின் நிழல்வலைக்குள்ளிருந்து வாங்கி, அன்றைக்கே வெட்டவெளியில் நடுவதுதான் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் என்பது என் எண்ணம். அப்படி வாங்க நேர்ந்தால் இரண்டு கிழமை மரநிழலில் வைத்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டிய பிறகு நடுங்கள்.

நுவரெலியாப் பக்கத்துக் குளிரிலும் அமில மண்ணிலும் வளர்ந்து லொறியில் வந்திறங்கும் ரோசாவை, இந்த முற்றத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எக்சோராவை விட மனமில்லை என்றால் அதற்கு வழி உண்டு. தரையில் வைக்காமல் பெரிய சாடியில், கூட்டெருவும் தென்னந்தும்புத் தூளும் பாதிக்குப் பாதி கலந்த கலவையில் வைத்து, மழைநீரோ குளிரூட்டித் தண்ணீரோ மட்டும் ஊற்றுங்கள். பிறகும் துளிர் மஞ்சளானால், வேர் உறிஞ்சும்படி இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்கும் இரும்புச் செலேட் கொடுக்கலாம். கடையில் மலிவாகக் கிடைப்பது ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை, காரத்தன்மை கூடிய மண்ணில் அது நிலைக்காது. பொதியில் ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கி, அதில் சொன்ன அளவுக்குக் கரைத்து, மாலையில் வேரடியில் ஊற்றுங்கள். மஞ்சளாகிவிட்ட பழைய இலைகள் முழுவதும் தேறாமல் போகலாம். அடுத்து வரும் துளிர் பச்சையாக வருகிறதா என்பதைப் பார்த்தே மருந்து வேலை செய்ததா என்று முடிவு செய்ய வேண்டும்.